மாடலில் ஒரு கதவு கூடுதல்

புரட்டாசி 18, திங்கள்

விடியற்காலையில் தூறல். எட்டு மணிக்கு மேல் வெயில், புழுக்கம். வாடை இன்னும் திரும்பவில்லை. ஏரியில் தண்ணீர் கம்மி. புரட்டாசி மாதம், மீன் கேட்பாரில்லை.

செய்ய வேண்டியவை: அவருக்குச் சளி மாத்திரை. ரேஷன். போன கூட்டத்தைச் சங்க நோட்டில் எழுத. பதினோரு மணிக்கு இன்ஜினியர் பானு.

பானு வந்தாள். கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப். "தேவகிக்கா, உங்க கட்டடத்த கொண்டாந்துட்டேன்" என்றாள். நான் திரும்பி, கரையில் கட்டடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சிரித்துவிட்டாள். அவமானம்.

அடுத்த வார வெள்ளி, இறால் எடை போட்டு ஐஸில் வைக்கும் கூடம் எங்கள் மகளிர் சங்கத்தின் கைக்கு வருகிறது. மூன்று வருடம் மனு எழுதி வாங்கியது. யாரோ ஒரு கம்பெனி தர்மத்துக்குக் கட்டித் தருகிறது. தலைவி கஸ்தூரி அக்கா, என் ஓரகத்தி (இனி க.அ., முழுப் பெயர் எழுதினால் கை வலிக்கிறது). செயலாளர் நான். இரண்டு கையெழுத்தும் வேண்டும். காகிதத்தில் எங்களுக்குப் பெயர் "கட்டட உரிமையாளர்". சொந்த வீட்டுக்கே பட்டா இல்லை, இதற்கு உரிமையாளர்.

டேப்பில் கூடம் அப்படியே இருக்கிறது. விரலால் தள்ளினால் உள்ளே போகலாம். சுவரைத் தொட்டால் விவரம் வருகிறது: எந்தச் செங்கல், எவ்வளவு கனம், எந்த மாதம் பூசியது. இதற்குப் பெயர் பிம். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். பானு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அர்த்தம் எழுதவில்லை, புரிந்தால்தானே எழுத.

க.அ. தொட மறுத்துவிட்டாள். "நான் தொட்டு அங்க ஏதாச்சும் இடிஞ்சி வுய்ந்துட்டா?"

மதியம் நெத்திலிக் குழம்பு. உப்பு கூடிவிட்டது.


புரட்டாசி 19, செவ்வாய்

குளிர் அறையில் விளக்கு எரியவில்லை. பொன்னேரியிலிருந்து வந்த எலக்ட்ரீசியன், நரைத்த மீசைக்காரர், உளியோடு சுவரைக் கொத்தக் கிளம்பினார். பானு தடுத்து, டேப்பைச் சுவருக்கு நேரே பிடித்தாள். சுவருக்குள் ஓடும் பைப் எல்லாம் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. "இங்கேர்ந்து ஒரு முழம் மேல, பலகைக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கும் பாருங்க." இருந்தது. ஒயர் கழன்றிருந்தது. ஒரு சில்லு பூச்சுகூட உதிரவில்லை.

போன வருடம் என் வயிற்று வலிக்கு நாலு டாக்டர் மாற்றினேன். என் உடம்புக்கும் இப்படி ஒரு மாடல் இருந்திருக்கலாம்.

நல்லது:
– சுவருக்குள் இருப்பது தெரியும்.
– குளிர் அறை மோட்டாருக்கு எப்போது சர்வீஸ் என்று அதுவே ஞாபகப்படுத்தும்.
– பின்னால் மாடி எடுத்தால் தூண் தாங்குமா என்று இடிக்காமல் பார்க்கலாம்.

குழப்பம்:
– டேப் தண்ணீரில் விழுந்தால்? ("மாடல் டேப்ல இல்லக்கா, மேல இருக்கு." மேலே என்றால் எங்கே? கேட்கவில்லை.)
– நெட் தண்ணீர் டேங்க் பக்கம் மட்டும்தான் வருகிறது. மாடல் பார்க்க டேங்க் அடிக்கு ஓட வேண்டுமா?
– பானு வேறு வேலைக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பது?
– சுவரில் நாம் ஒரு ஆணி அடித்தால் அதற்குத் தெரியுமா? தெரியாதாம். நாம் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அது பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும், நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

கடைசியில் சொன்னது கொஞ்சம் உறுத்துகிறது. ஏன் என்று எழுதப் பிடிக்கவில்லை.


புரட்டாசி 21, வியாழன்

வெயில். டேப்பையும் கட்டடத்தையும் ஒத்துப் பார்க்கும் வேலை. இரண்டும் ஒன்றுதான் என்று அடுத்த வார வெள்ளிக்கிழமை நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் ஆறு மாதம் பானு பிரசவ லீவில் இருந்தாள். அப்போது பார்த்துக்கொண்டவர் போனிலேயே பார்த்துக்கொண்டார்.

வித்தியாசங்கள்:
1. வாசல் படி மாடலில் இரண்டு, இங்கே மூன்று. ஏரி ஏறின வருடம் தண்ணீர் எங்கே நின்றது என்று ஊருக்கே தெரியும். அதனால் ஒரு படி கூட்டினோம்.
2. தெற்கு ஜன்னல் இரண்டடி தள்ளி. வலை காயப்போடும் கம்பு இடித்தது.
3. தண்ணீர்த் தொட்டி இடம் மாறியிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பில் இரண்டு கட்டம். "மாற்றம் கேட்டவர்." "காரணம்."

"யாருக்கா படி கூட்டச் சொன்னது?"

"ஊர்தான்."

"ஊர்னா யாரு?"

எங்களில் யாரும் எதையும் "சொல்வது" கிடையாது. கோயில் முன்னால் கூடுவார்கள். ஒருவர் ஆரம்பிப்பார், ஒருவர் இருமுவார், ஒருவர் "அப்புறம் இன்னா" என்பார், முடிந்தது. எந்த வலை எந்த இடத்தில் எந்த நாள் என்று பாடு பிரிப்பதும் அப்படித்தான். யார் பெயரும் ஒட்டாது. நாளைக்குச் சண்டை வந்தால் யார் சட்டையையும் பிடிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

படிக்கு என் வீட்டுக்காரர் பெயர் போட்டோம், ஏழுமலை என்று. அவர்தான் சத்தமாகப் பேசினவர். ஜன்னலுக்கு க.அ. பெயர். தொட்டிக்கு என் பெயர், தியாகம்.

அப்புறம் கிழக்குச் சுவர், ஏரிப்பக்கம். பானு டேப்பைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், மறுபடி டேப்பை. மாடலில் ஏழாம் எண் என்று ஒரு கதவு, மூன்றரை அடிக்கு ஏழடி. இங்கே வெறும் சுவர், நீல பெயிண்ட். விரலால் தட்டிப் பார்த்தாள். "இங்க ஒரு கதவு இருக்கணுமேக்கா."

எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வலிக்கவில்லை.


புரட்டாசி 22, வெள்ளி

மேகமூட்டம். எழுதிவிடுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

அந்தக் கதவு முனியம்மாவுக்கும் அவள் தெருக்காரிகளுக்கும் வைத்தது. பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் இறால் தடவுகிறவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது, பாடு பிரிப்பதிலும் பங்கு கிடையாது. ஏரியிலிருந்து ஈரத்தோடு ஏறினால் நேரே உள்ளே வந்து, மேடையில் எடை போட்டு, ஐஸில் வைத்துவிடலாம். கட்டடம் ஆரம்பிக்கும்போது பானுதான் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டாள், யாருக்கு எது எங்கே வேண்டும் என்று. முனியம்மா எழுந்து, "எங்களுக்கு ஏரிப்பக்கம் ஒரு வழி" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

எங்கள் மனுவில் "ஏரியை நம்பி வாழும் எல்லாப் பெண்களும்" என்று எழுதியவள் நான். அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு மேல் கைநாட்டு வைத்தார்கள். தலைக்கணக்கு சேர்ந்ததால்தான் கூடமே வந்தது.

பானு லீவில் போன பிறகு ஒரு கூட்டம். "நம்ம பொம்பளைங்களும் அவங்களும் ஒரே மேடையிலயா?" யார் கேட்டது என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. யாரோ இருமினார்கள். ஊர்ப் பெரியவர் (க.அ.வின் வீட்டுக்காரர், எனக்கு மூத்தார்) துண்டை உதறித் தோளில் போட்டார். முடிந்தது. மறுநாள் க.அ. என்னிடம், "மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு தேவகி." நான் போய், "மேஸ்திரி, அந்த ஓட்டைய அடைச்சிடுங்க" என்றேன்.

ஓட்டை என்றேன். கதவு என்று சொல்லவில்லை.

கூடம் முறையாகத் திறக்காவிட்டாலும் எடை போடுவது இப்போதே அங்கேதான். அவர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் வந்து, படகு மீன் எல்லாம் எடை போட்டு முடியும்வரை வெயிலில் நிற்கிறார்கள். அதற்குள் இறால் தலை கறுத்துவிடும். இரண்டாம் தரம் என்று எழுதுகிறோம். எழுதுவது நான்.

வெட்கமாக இருக்கிறது. இத்தனை மாதம் இல்லாத வெட்கம் ஒரு டேப்பைப் பார்த்ததும் ஏன் வர வேண்டும்? புரியவில்லை.


புரட்டாசி 24, ஞாயிறு

நல்ல மழை ஒரு மணி நேரம். கூரையில் ஒரு இடம் ஒழுகுகிறது. எங்கள் வீட்டுக்கு மாடல் இல்லை, ஒழுகும் இடத்தை வாளி வைத்துக் கண்டுபிடித்தேன்.

அவர் வலை கோத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"கதவு அடைச்சது யாருன்னு எழுதணுமாம்."

"எழுதாத."

"எழுதலனா கையெழுத்துப் போட முடியாதாம்."

"அப்ப போடாத."

"போடலனா கூடம் தொறக்க மாட்டாங்க. மழ வுட்டதும் இறால் சீசன்."

ஊசியைக் கீழே வைத்தார். "ஐப்பசி பொறந்தா பாடு பிரிக்கறாங்க. ஊர் பேச்சுக்கு நீ எதுனா பேர் போட்டன்னு வெச்சுக்க, நமக்கு எந்த எடம் வுழும் தெரியுமா? சேறு. வருசம் பூரா சேறு."

சரிதான். அவர் சொல்வதும் சரி. பிள்ளைகளின் படிப்பு, கடன், எல்லாம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பயமாக இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது.

இரண்டு டம்ளர் டீ குடித்தேன். பால் தீர்ந்தது.


புரட்டாசி 25, திங்கள்

க.அ. வீட்டுக்குப் போனேன். வடகம் பிழிந்துகொண்டிருந்தாள், மழைக்காலத்தில். அவளுக்கும் மனம் சரியில்லை போல.

"மேஸ்திரி கேட்டாருன்னு போட்டுடு" என்றாள்.

மேஸ்திரியிடம் போனேன். அவர் சிமென்ட் கையைக்கூடத் துடைக்கவில்லை. "இன்னாம்மா இது. நீங்க சொன்னீங்க, நான் அடைச்சேன். எனக்கு இன்னா அந்தக் கதவு மேல கோவம்?"

திரும்ப க.அ.விடம். "காரணம்னு பாதுகாப்புன்னு எழுதேன். ஏரிப்பக்கம் பாம்பு வருது இல்ல?"

பாம்பு வருகிறதுதான். ரோட்டுப் பக்கமும் வருகிறது.

"எக்கா, கேட்டவர்னு யார் பேர் போட?"

"நீதான போய் சொன்ன."

அப்படிச் சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. ஊர் நினைத்தது, பெரியவர் துண்டை உதறினார், அவள் என்னிடம் சொன்னாள், வாய் என்னுடையது. இதில் கேட்டவர் யார்? வாய்தானா? டேப்பில் ஒரு கட்டம்தான் இருக்கிறது. ஒரு பெயர்தான் கொள்ளும்.


புரட்டாசி 27, புதன்

வெயில் மறுபடி. ரேஷனில் துவரம் பருப்பு இல்லை.

பானு, நான், கூடத்துக்குள். ரோட்டுப் பக்கக் கதவருகே முனியம்மா, பறியோடு வரிசையில். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எல்லோரும் அப்படித்தான்.

"இன்னாமா அது, டிவியா?"

நான் பதில் சொல்வதற்குள் பானு டேப்பைத் திருப்பிக் காட்டிவிட்டாள். "இந்தக் கட்டடம்தாம்மா. வெரல வெச்சுத் தள்ளுங்க, உள்ள போகலாம்."

முனியம்மா விரலை முந்தானையில் துடைத்தாள். தள்ளினாள். டேப்பில் முன்வாசல் வழியாகப் போகவில்லை. நேரே கட்டடத்தைச் சுற்றி ஏரிப்பக்கம் போனாள். கதவு ஏழு. உள்ளே போனாள், மேடைவரைக்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், அதாவது விரலை எடுக்காமல்.

"இதுல இருக்குதே எங்க வழி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, கோபமெல்லாம் இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி: "அப்ப அங்க மட்டும் ஏம்மா இல்ல?"

நான், "வேல பாக்கி இருக்குது" என்றேன்.

தலையாட்டிவிட்டு வரிசைக்குப் போனாள். அவள் இறால் இன்றும் இரண்டாம் தரம். அதையும் நான்தான் எழுதினேன்.


புரட்டாசி 28, வியாழன்

மேகம், காற்றில்லை. தண்ணீர் டேங்க் அடியில் நான், பானு, க.அ. நெட் வந்தது.

பானு சொன்னது (நினைவிலிருந்து): "ரெண்டே வழிதாங்க்கா. ஒண்ணு, சுவத்துக்கு ஏத்த மாதிரி மாடல மாத்தணும். அதுக்கு பேரும் காரணமும் வேணும். இல்லனா மாடலுக்கு ஏத்த மாதிரி சுவத்த மாத்தணும். ரெண்டும் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. நாளைக்கு ஒரு நெருப்புனா, வெளிய போற வழி ஏரிப்பக்கமும் இருக்குனு மாடல் சொல்லும். அத நம்பி யாராச்சும் அந்தப் பக்கம் ஓடிட்டா?"

இதை நான் யோசித்ததே இல்லை. பத்துப் பேர் உள்ளே, சுவரை முட்டிக்கொண்டு.

டேப்பை வாங்கினேன். மாற்றம் கேட்டவர்: தேவகி, செயலாளர். காரணம்: இங்கேதான் நின்றுவிட்டேன்.

பாதுகாப்பு. அழித்தேன்.
பாம்பு. அழித்தேன்.
இட வசதிக்காக. சுவருக்கு எதற்கு இட வசதி. அழித்தேன்.
ஊர் முடிவு. பானு தலையாட்டினாள், "அது காரணம் இல்லக்கா."
காலியாக விட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை. சிவப்பாக எதையோ காட்டியது.

கடைசியில் இருப்பதை எழுதினேன். "கையால் இறால் பிடிக்கும் பெண்கள் எங்களோடு உள்ளே வரக் கூடாது என்பதற்காக."

க.அ. எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத யார் யார்லாம் படிப்பாங்க?"

"யார் தொறந்தாலும். கம்பெனி, அரசாங்கம், நாளைக்கு உங்க பேரப் புள்ளைங்க. கட்டடம் நிக்கற வரைக்கும் இருக்கும்."

"அழி தேவகி."

"அழிச்சா கதவு இருக்குதுன்னு ஆயிடும்" என்றாள் பானு.

க.அ. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மழையும் இல்லை.

நான் அழித்துவிட்டேன், இரண்டையும்: பெயர், காரணம். கதவு ஏழு மாடலில் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். நான் செய்தது கோழைத்தனமா, வேறு ஏதாவதா? யாரிடமும் கேட்க முடியாது.


புரட்டாசி 29, வெள்ளி

காலையில் வாடை திரும்பிவிட்டது. ஏரியில் சின்ன அலை. கம்பெனிக்காரர்கள் மூன்று மணிக்கு வருகிறார்கள். இட்லி மிச்சம் நாலு.

ஏழு மணிக்கு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். போக வேண்டும் என்று முடிவு எதுவும் செய்யவில்லை. பால் வாங்கக் கிளம்பினேன், அங்கே போய் நின்றேன்.

"மேஸ்திரி, அந்தக் கிழக்குச் சுவத்த ஒடைக்கணும். கதவு வெக்கணும்."

"இது யார் சொல்றது?"

"நான்."

"ஊரு?"

"ஊருக்குத் தெரியாது. நான் சொல்றேன்."

என்னையே பார்த்தார். "அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

இப்போது பத்தரை. கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மேடை முழுக்கத் தூசி. ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. தைரியம் இல்லை, அது எனக்குக் கிடையாது. அந்தக் காரணத்தை இன்னொரு தடவை எழுதுவதைவிடச் சுவரை உடைப்பது சுலபமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அவரிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் எங்களுக்குச் சேற்று இடம்தான் என்று நினைக்கிறேன். அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை.

க.அ. வரவில்லை. அவள் கையெழுத்துப் போடுவாளா, தெரியாது. பானு கதவை டேப்பில் தொட்டு, சட்டம் என்ன மரம், கீல் எத்தனை என்று மேஸ்திரிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாதிச் சுவர் போயிருக்கிறது. ரோட்டில் மூத்தார் வருகிறார், பின்னால் நாலைந்து பேர். வேகமாகத்தான் வருகிறார்கள்.

மேஸ்திரி கையை நிறுத்திவிட்டு, "நிறுத்தட்டுமாம்மா?" என்கிறார். வேண்டாம் என்றேன்.

ஏரிப்பக்கம் முனியம்மா, தண்ணீர் சொட்டச் சொட்ட. கதவு முடியட்டும் என்று நிற்கவில்லை. உடைந்த செங்கல்மேல் கால் வைத்து, குனிந்து, அந்த இடுக்கு வழியாகவே உள்ளே வந்துவிட்டாள். பறியை மேடைமேல் வைத்தாள். இறால் இன்னும் துள்ளுகிறது.

"எடை போடும்மா" என்கிறாள்.